மிஷின் சார் இறங்கி நடந்த வெள்ளிக்கிழமை

ஒரகடம் சாலையோரம் வளர்ந்த நம் வயதுக்காரர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டால், எந்த ஆண்டு என்று சொல்ல வராது. எந்தக் கம்பெனி வந்த ஆண்டு என்றுதான் வரும். நான் சொல்லப்போவது, கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் புது பிரஸ் மிஷின் இறங்கிய ஆண்டின் புரட்டாசி. எனக்குப் பத்து வயது. இப்போது நாமெல்லாம் முப்பதைத் தொட்டுவிட்டோம். பாதிப் பேர் கண்ணாடி போட்டுவிட்டோம். அதே சாலையில் கழுத்தில் அடையாள அட்டையோடு போய் வருகிறோம். அதனால் உங்களுக்கு இடத்தை விளக்க வேண்டியதில்லை. ஆட்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா, ஒரு டிராவல்ஸ் மூலம் அந்தத் தொழிற்சாலைக்குக் கார் ஓட்டியவர். அம்மா, வேறொரு தொழிற்சாலையில் வயர் கட்டும் லைனில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவள். அட்மின் சார், டிரைவர்களை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில்தான். மிஷின் சார், அந்த மிஷினைப் பொருத்திக் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த யூதர். அவருடைய பெயர் அப்பாவின் வாயில் நுழையவில்லை. மிஷினோடு வந்தவர் என்பதால் மிஷின் சார்.

அட்மின் சார் அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வந்தவர் குறையில்லாமல் ஊர் திரும்பினால், அப்பாவைக் கம்பெனியின் சொந்த டிரைவராக எடுத்துக்கொள்வார்கள். நிரந்தரம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: அம்மா ஷிஃப்டுக்குப் போவதை விட்டுவிடலாம். வயர் முனைகளை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது கை விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. சோறு பிசையும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். "இன்னும் கொஞ்ச நாளு" என்பார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் நம்பிவிட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம். நம்பாதபோதுதான் அவள் பேசுவாள்.

மாலை நேரங்களில் நானும் அந்தக் காரில் இருந்தேன். அம்மாவுக்கு அந்த மாதம் செகண்ட் ஷிஃப்ட். ஒரகடத்தில் பள்ளி விட்டதும் அப்பா என்னைக் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் போவார். மிஷின் சார் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் இந்த வயதில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி, என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். கம்பெனிக் காரில் டிரைவரின் பிள்ளை ஏறக் கூடாது. ஆனால் சொன்னது சார். அப்பாவுக்கு அதற்கு மேல் விதி கிடையாது.

அந்தக் காரில் இருந்தவை எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. எலுமிச்சை வாசனை அடித்த அட்டை. பெருமாள் படத்தின் மேல் அப்பா செருகும் துளசி, அது மதியத்துக்குள் ஏசி காற்றில் சுருண்டுவிடும். பின் சீட்டில் சாரின் கறுப்புப் பை. ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே தெரியும் சின்னத் துணித் தொப்பி, விளிம்பில் கிரீஸ் கறை. அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்து தின்ற, டப்பாவில் அடைத்த மீனின் நெடி. புரட்டாசியில் மீன் நெடியா என்று அப்பா கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்குவார். அதற்கு மேல் இறக்கினால் சார் மனம் நோகும்.

நான் ஆங்கில மீடியம் ஐந்தாம் வகுப்பு. அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் மொழி. நம்பும்படியான மொழி அல்ல. ஆனால் அவர்களிடம் வேறு இல்லை.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை சாருக்கு ஓய்வு நாள். வண்டியில் ஏற மாட்டார். விளக்கைப் போட மாட்டார். போனைத் தொட மாட்டார். தெருவில் கையில் எதையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார். இதை நான் அப்பாவுக்குச் சொன்னபோது அவருக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை.

"விரதம்" என்றார். "அவருக்கும் சனிக்கெழமதான், நமக்கும் சனிக்கெழமதான். சாமி பேருதான் வேற."

காரில் சார் எனக்குச் சொன்ன கதைகளில் ஒன்றுதான் என் மனத்தில் நன்றாக உட்கார்ந்தது. அவருடைய முன்னோர் அடிமைத்தனத்திலிருந்து தப்பிப் பாலைவனத்தில் தலைமுறைக் கணக்கில் நடந்தார்கள். எங்கெங்கே கூடாரம் போட்டார்கள் என்று அவர்களுடைய வேதத்தில் ஊர் ஊராக எழுதியிருக்கிறதாம். இங்கிருந்து புறப்பட்டார்கள், அங்கே தங்கினார்கள். அங்கிருந்து புறப்பட்டார்கள், இன்னோர் இடத்தில் தங்கினார்கள். ஒன்றுமே நடக்காத இடங்களின் பெயர்கூட இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். அங்கே படுத்துத் தூங்கினார்களே, காலையில் எழுந்தார்களே, அது போதாதா என்றார். வரிசை என்றால் அப்போதே எனக்கு உயிர். அன்றிலிருந்து நானும் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களையெல்லாம் அதே ராகத்தில் சொல்லிப் பார்ப்பேன்: ஒரகடத்தில் புறப்பட்டார்கள், செரப்பணஞ்சேரியில் தங்கினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை செரப்பணஞ்சேரி தாண்டியதும் சாலை அடைத்துக்கொண்டது. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே திரும்பி நின்றிருந்தது. கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று புகை விட்டன. பஸ்ஸுக்குள் ஆட்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். சார் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். மேற்கே சூரியன் அடிவானத்தைத் தொடப் போகும்போது, இனி நடக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். படப்பையில் அவர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸ் அங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான். நீங்கள் காரில் மெதுவாக வாருங்கள் என்றார்.

அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பர்ஸை எடுத்துப் பையில் வைத்தார். போனை அணைத்துப் பையில் போட்டார். பேனா, சாவி, கைக்குட்டை. சட்டைப் பையை உள்வெளியாக இழுத்து ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு வெறுங்கையோடு இறங்கினார்.

அப்பா பார்த்தது வேறு. திருப்பதிக்குப் பாதயாத்திரை கிளம்பும் ஒருவரைப் பார்த்தார். எங்கள் ஊரான மணிமங்கலத்திலிருந்து ஒவ்வொரு புரட்டாசியும் எங்கள் ஆட்கள் நடந்து போவார்கள். மஞ்சள் வேட்டியோடு ஒருவர் நடக்கும்போது வண்டியில் உட்கார்ந்து அவர் பின்னால் ஊர்ந்து போவதை எங்கள் ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். நடப்பவரோடு பத்தடியாவது நடந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அப்பா காரை மண்பாதையில் ஒதுக்கினார். தன் போனையும் வாட்சையும் டேஷ்போர்டில் வைத்தார். இறங்கி, செருப்பை முன் சக்கரத்தின் அருகே ஜோடியாகக் கழற்றி விட்டார். காரைப் பூட்டினார்.

"எறங்கு பாப்பா" என்றார். "அவரு நடக்க சொல்லோ நாம குந்திகினு போனா பாவம்."

நான் இறங்கினேன். அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு நேராகாது. மழை பெய்து ஓய்ந்த மண். பஸ்களின் ஓரமாக ஒற்றைவரிசையில் போனோம். வெறுங்காலோடு போகும் டிரைவரையும் கையை வீசிக்கொண்டு போகும் வெள்ளைக்காரரையும் பார்த்து, ஜன்னலில் தூங்கியவர்கள் எழுந்துகொண்டார்கள். "அண்ணே, வண்டிய வித்துட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அப்பா சிரித்தார். சாருக்கு மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்தார்.

அப்பா திருமலையைப் பற்றிச் சொன்னார். "நாள் கணக்கா நடப்போம் சார். உள்ள போனா ஒரு செகண்டு. ஜருகண்டின்னு தள்ளி வுட்டுடுவான். மூஞ்சிகூட சரியா தெரியாது. நடந்ததுதான் மிச்சம்."

இதை நான் எந்த ஆங்கிலத்தில் சொன்னேனோ, சார் நடுவழியில் நின்றுவிட்டார். எங்கள் வேதமும் அப்படித்தான் என்றார். அத்தனை நடையையும் சொல்லிவிட்டு, கடவுள் தருவதாகச் சொன்ன நாட்டின் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திப் புத்தகம் முடிந்துவிடுகிறது. உள்ளே நுழைவது அதில் இல்லை. கடைசி வரியைப் படித்த அன்றே வேதச் சுருளைத் திருப்பி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்போம்.

"அப்ப நம்ம ஆளுதான்" என்றார் அப்பா.

கெஸ்ட் ஹவுஸ் கேட்டில் சார் மணியை அழுத்தாமல் நின்றார். அப்பாவே அழுத்தினார். உள்ளே ஜன்னலோரம், வாட்ச்மேன் மனைவி நேரத்தோடு ஏற்றி வைத்த அகல் எரிந்தது. சார் தன் மொழியில் ஏதோ வாழ்த்தினார். அப்பா கைகூப்பி "கோவிந்தா" என்றார். அப்பாவை நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

நாங்கள் காருக்குத் திரும்பியபோது அதைச் சுற்றிக் கூட்டம். ஏதோ கேட்பதற்காகக் கம்பெனியிலிருந்து சாருக்குப் போன் செய்திருக்கிறார்கள், அணைந்திருந்தது. அப்பாவுக்குச் செய்திருக்கிறார்கள், பூட்டிய காருக்குள் அது விளக்கெரிந்து விளக்கெரிந்து அடங்கியிருக்கிறது. தேடி வந்த செக்யூரிட்டி கண்டது, ஆளில்லாத கார், வெளிநாட்டுக்காரரின் பை, சக்கரத்தின் அருகே ஒரு ஜோடிச் செருப்பு. கடத்தல் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஐரோப்பாவில் அவரை அனுப்பிய கம்பெனிக்கும் சொல்லிவிட்டார்கள்.

"செருப்ப கழட்டி வெச்சிட்டு போயிகீற. ஏரில எறங்கிட்டீங்கன்னு ஆள வுட்டு தேடிகினு கீறோம்" என்றார் செக்யூரிட்டி.

சார் கெஸ்ட் ஹவுஸில் பத்திரமாக இருக்கிறார் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அதனால் ஒன்றும் குறையவில்லை. பயந்தவர்கள் பயந்ததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அட்மின் சாரிடம் போனார். நடந்ததை நான் ஆங்கிலத்தில் சொன்னால் எடுபடும் என்று நினைத்தார். அந்த அறையில் புதுக் கம்பள வாசனை. எங்களை உட்காரச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "சாட்சிக்கு ஆள கூட்டிகினு வந்துட்டியா?" என்றார். பிறகு விரல் மடக்கினார். காரை விட்டுவிட்டுப் போனது. விருந்தாளியின் பொருளை விட்டுவிட்டுப் போனது. போனை விட்டுவிட்டுப் போனது. பிள்ளையைக் காரில் ஏற்றியது. நாலாவதை மடக்கும்போது என்னைப் பார்த்தார்.

"சார் நடந்தாரு சார்" என்றார் அப்பா. "அவரு விரதத்துல நடக்க சொல்லோ நான் எப்டி சார் குந்திகினு வர்றது?"

"உன்ன காரு ஓட்ட வெச்சிருக்கமா, காவடி தூக்க வெச்சிருக்கமா?"

அறையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். அப்பா மறுபடி ஆரம்பித்தார். அட்மின் சார் கையை உயர்த்தினார். "போதும். இத பத்தி இனிமே எங்கிட்ட பேசாத."

வீட்டில் அம்மாவுக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. மிஷின் சார் நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. "படப்ப இன்னா டெல்லியாய்யா? ஒரு நட போயி சொல்லிட்டு வாயேன்."

அப்பா போகவில்லை. "விரதத்துல கீறாரு. மலையேறிகினு கீறவன் கிட்ட போயி எவனாச்சும் சிபாரிசு கேப்பானா? பொழுது சாயட்டும்."

"அவருக்கு பொழுது சாயறதுக்குள்ள நமக்கு சாஞ்சிரும்" என்றாள் அம்மா. அன்று முழுதும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஐரோப்பாவுக்கு மின்னஞ்சல் போய்விட்டது. அந்த மின்னஞ்சலை நான் பார்த்ததில்லை. ஆனால் இன்று அதே மாதிரி அறிக்கைகளை நானே எழுதுகிறேன். அதில் என்ன இருந்திருக்கும் என்று தெரியும். மூல காரணம்: டிரைவர். நடவடிக்கை: நீக்கப்பட்டார். நிலை: முடிக்கப்பட்டது. அந்த மூன்றாவது கட்டத்தில் ஒருமுறை எழுதியதை யாரும் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் முதல் இரண்டு கட்டங்களையும் எழுதியவருக்கு அசிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை மிஷின் சாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். புது டிரைவர் வாசலில் காரை நிறுத்தினான். சார் பிளாஸ்டிக் நாற்காலியில் முட்டி மடங்க உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாள். அவர்கள் மதத்துச் சாப்பாட்டு விதிப்படி எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் குடிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அது ஆறிப் போனதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தன்னால்தான் இது நடந்தது என்று வருத்தப்பட்டார். அப்பாவைத் தேற்ற நினைத்துத்தான் அந்தக் கதையைத் தொடர்ந்தார் என்று இப்போது புரிகிறது. அத்தனை பேரையும் நடத்திக் கூட்டிவந்தாரே ஒரு தலைவர், எங்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை. அவருக்கே அந்த நாட்டுக்குள் போகக் கிடைக்கவில்லை. எல்லையில் ஒரு மலைமேல் ஏற்றி, முழு நாட்டையும் கண்ணுக்குக் காட்டி, நீ போக மாட்டாய் என்று கடவுள் சொல்லிவிட்டார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"காட்டிட்டு இல்லன்னானா?" என்றாள் அம்மா. "இன்னா சாமி அது? அந்தாளு கேக்கவே இல்லயாமா? கேளு."

கேட்டேன். சார் டம்ளரைக் கீழே வைத்தார். கேட்டார், கெஞ்சினார் என்றார். போதும், இதைப் பற்றி இனி என்னிடம் பேசாதே என்று பதில் வந்தது என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சாருக்கு ஏன் என்று புரியவில்லை. நானும் சொல்லவில்லை, அட்மின் சாரின் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அம்மா கேட்டுவிட்டாள், விரல்களை அவர் முன் நீட்டி: "வழிதான் பெருசுன்னு நடந்தவரு சொல்லலாம். கூட நடந்தவன் பொண்டாட்டிக்கு இன்னா சொல்லுவாரு? அதயும் கேளு."

அதையும் கேட்டேன். அவர் அந்த விரல்களைப் பார்த்தார். இதற்கு எங்கள் புத்தகத்தில் பதில் இல்லை என்றார். நாளைக்கே கம்பெனியில் பேசுகிறேன் என்றார்.

பேசினார். அதைச் சந்தேகிக்க எனக்கு இடமில்லை. அதன் பலன், அவர் ஊருக்குக் கிளம்பும் நாளன்று அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அன்று நடந்ததை அப்பா அம்மாவிடம் சொன்னது துண்டு துண்டாக. நான் அடுக்கித் தருகிறேன். செக்யூரிட்டி அறையில் புது டிரைவர் தன் வெள்ளை யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அப்பா அதைப் போட்டுக்கொண்டார். கை நீளம் போதவில்லை. சட்டையில்லாமல் இருக்க வேண்டாமென்று அப்பாவின் சட்டையை அவன் போட்டுக்கொண்டான். "சார் சந்தோஷமா போவணும், சிரி. மத்தத அப்பறம் பாக்கலாம்" என்றார் அட்மின் சார். கேண்டீனில் எல்லாரையும் கூட்டி வைத்திருந்தார்கள். மிஷின் சார் பேசினார், ஒருவர் தமிழில் சொன்னார். என் மதத்தைத் தெரியாத ஒருவர், எனக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். போய்ச் சேருவதைவிட யாரோடு நடக்கிறோம் என்பதுதான் பெரிது என்று இந்த ஊரில் மறுபடி கற்றுக்கொண்டேன். அவரை மீண்டும் வேலைக்கு எடுத்த கம்பெனிக்கு நன்றி என்றார். கண் கலங்கிவிட்டாராம். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பாவின் தோளில் கை போட்டு நின்றார். போட்டோ எடுத்தார்கள்.

"உண்மைய அவரு கிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றாள் அம்மா.

"பின்னாலயே அட்மின் சார் நின்னுகினு இருந்தாரு. அப்பறம் பாக்கலாம்னு சொல்லிகீறாரே."

போட்டோ முடிந்ததும் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். புது டிரைவர் அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டுதான் சாரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அறைக்குள் மறுபடி சட்டையை மாற்றிக்கொண்டார்கள். அப்பா பின் கேட் வழியாக வெளியே வந்தார். மாலையில் அம்மா அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். காலரில் தெரியாத ஆளின் தலை எண்ணெய் வாசனை. பக்கெட்டுக்குள் போட்டுவிட்டு அப்படியே ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.

அந்த "அப்பறம்" வரவில்லை. அப்பா மூன்று தடவை கேட்டுக்கு வெளியே போய் நின்றதோடு சரி. பிறகு தண்ணி லாரி ஓட்டினார். அம்மா, விரல்கள் முழுதாக மடங்காமல் போன பிறகு, லைனிலிருந்து கழிவறை சுத்தம் செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். அதற்கு விரல் அவ்வளவாக வேண்டாமாம். சண்டை வரும்போதெல்லாம் அவள் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: "நீ நடய்யா. நடந்துகினே இரு." சிரித்துச் சொன்ன நாட்களும் உண்டு. அவை இன்னும் மோசம்.

போன மாதம் அப்பாவை மருத்துவமனைக்கு என் வண்டியில் அழைத்துப் போனேன். செரப்பணஞ்சேரி தாண்டியதும், என் வேலைப் பழக்கத்தில், அன்று எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று கேட்டுவிட்டேன். சனிக்கிழமையே படப்பைக்குப் போயிருக்கலாம் என்பார் என்று நினைத்தேன். போட்டோவுக்குச் சிரித்திருக்க வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வண்டியிலயே குந்திகினு பின்னால போயிருக்கணும்" என்றார். "லைட்டு போட்டுகினு. பள்ளம் மேடு தெரியாத இருட்டுல நடந்தாரு அந்தாளு."

 என் கை தானாக ஹெட்லைட் சுவிட்சுக்குப் போனது. பகல் பதினொரு மணி.